தார்ன்டன் என்றால் எந்த ஊர்?

12-6-2003
ஏழாம் வகுப்புக்கு இன்னும் இங்கிலீஷ் புத்தகம் வந்து சேரவில்லை. காவியாவின் கடிதம் பள்ளிக்கூட முகவரிக்கு வந்தது. லண்டனில் பதிவுத் திருமணம் முடிந்துவிட்டதாம். மாப்பிள்ளை மார்க் தார்ன்டன். இனி என் மகளும் காவியா தார்ன்டன். வீட்டில் இவரிடம் எப்படிச் சொல்ல?

13-6-2003
சொல்லிவிட்டேன். “எந்த ஊரு, யாரு மகன்?” என்று மட்டும் கேட்டார். நம் பக்கம் முதல் கேள்வி அதுதான். அதில்தானே சாதியைத் தெரிந்துகொள்வது. எனக்குப் பதில் தெரியவில்லை.

16-6-2003
பஸ் ஸ்டாண்டுச் சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். என் மகளின் கல்லூரிப் படம். தீப்பெட்டி லேபிள் அச்சடிக்கிற எங்கள் அச்சகத்திலேயே அடித்து, ஆள் வைத்து ஒட்டியிருக்கிறார். உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு! மனுசனா இவரு? பெத்த வயிறு பத்தி எரியுதே —
முதல் பீரியடு நடத்தினேன். என்ன நடத்தினேன் என்று தெரியாது.

28-6-2003
நூலகத்தில் ஆங்கிலப் பெயர்களுக்குப் பொருள் சொல்லும் பழைய புத்தகம் ஒன்று. தார்ன் என்றால் முள். டன் என்பது வேலி அடைத்த தோட்டம், பிறகு குடியிருப்பு. முள்மரங்களுக்கு நடுவே இருந்த ஊர். அந்தப் பெயரில் அங்கே பல ஊர்கள் உண்டாம். பிழைக்கப் போன இடத்தில் ‘இன்ன ஊர்க்காரன்’ என்று சொல்லிச் சொல்லி அதுவே பரம்பரைப் பெயராகியிருக்கிறது. நாம் கல்யாணப் பத்திரிகையில் பேருக்கு முன்னால் ஊரைப் போடுகிறோம், அவர்கள் பின்னால்.
எந்த ஊர் என்றுதானே கேட்டார்? பைத்தியம் மாதிரி சந்தோஷப்பட்டேன்.

29-6-2003
தோசை வைக்கும்போது சொன்னேன். “நம்ம உடைமுள்ளுக் காடு மாதிரிதாங்க மாப்பிள்ள ஊரும்.”
“யாருக்கு மாப்பிள்ள? எனக்குத்தான் மகளே இல்லையே” என்றார். இன்னொரு தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

14-11-2004
காவியாவிடம் போனில் ஒரு தடவை பேசச் சொல்லி இன்றும் கேட்டுப் பார்த்தேன். பேப்பரை மடிக்கவே இல்லை.

9-3-2005
முந்தாநாள் இவர் போய்விட்டார். மாரடைப்பு. காவியாவிடம் கடைசிவரை பேசவேயில்லை.
அன்றே கொழுந்தனார் சாமித்துரை அஞ்சலி போஸ்டருக்குப் பேர்கள் கேட்டார். கடைசியில் ‘மகள் காவியா, மருமகன் மார்க் தார்ன்டன்’ என்று எழுதிக் கொடுத்தேன். “தார்ன்டன்னா எந்த ஊரு மதினி?” என்றார். அதுவே ஊர்தான் என்றேன்.
அதற்குள் காவியா போன். பேர் போடுவதைச் சொன்னேன். அழவில்லை. “என் பேரப் போடாதீங்கம்மா. அந்தச் சுவத்துல என்னைய ஒட்டித்தான் ரெண்டு வருசம் ஆகப்போகுதே.”
அந்த போஸ்டரைப் பற்றி நான் அவளிடம் சொன்னதேயில்லை. இத்தனை நாளும் தெரிந்திருக்கிறது.
அந்த வரியைக் கோடு போட்டு நீக்கினேன். இடத்தை மட்டும் காலியாக விடச் சொன்னேன்.
இன்று போஸ்டரைப் பார்த்தேன். இடம் வீணாகிறதே என்று இவர் படத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள்.