சிவப்பு நூல், பச்சை நூல்

5-7-71, திங்கள்
கல்லூரி திறந்தது. நூலகத்துக்கு மூன்று பெட்டி புதுப் புத்தகம். இருபத்திரண்டு வருஷமாக இந்தப் பெட்டிகளைத் தூக்குகிறேன். தூக்கியதை வாசித்தது இந்த வருஷம்தான். முத்திரை குத்தக் குத்த ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டுச் சொன்னேன். நூலகர் மேரி அம்மா, "மெதுவா முனுசாமி, இது லைப்ரரி" என்றார்கள்.

12-7-71
ஒரு வாரம் பார்வைக்கு வைத்தாயிற்று. இன்று முதல் வெளியே தரலாம். ஊழியர் கார்டுக்கு ஒரு புத்தகம், பதினைந்து நாள். நீல அட்டை நாவலை எடுத்தேன். கப்பலேறிப் போன புருஷனைத் தேடிப் போகிற ஒருத்தியின் கதை. கடைசித் தாளில் ஒட்டிய சீட்டில் முதல் பெயர் என்னுடையது. நானே எழுதினேன். இரண்டு தடவை திறந்து பார்த்தேன்.

13-7-71
என் வீட்டுக்காரி பட்டம்மாளும் படிக்கிறாள். முதியோர் வகுப்பில் இருவரும் ஒரே நாளில்தான் சேர்ந்தோம். அடையாளம் வைக்க, அவள் தறிக்காரர்களுக்காக ராட்டையில் தார் சுற்றுகிற பட்டு நூலில் ஒரு துண்டு. எனக்குச் சிவப்பு, அவளுக்குப் பச்சை.

15-7-71
சிவப்பு ஆறாம் பக்கம். பச்சை நாற்பத்தொன்று. ராட்டையைச் சுற்றிக்கொண்டே படிக்கிறாள்!

17-7-71
பக்கத்து வீட்டு அம்சவேணி கதை கேட்க வந்து உட்கார்ந்திருந்தாள். பட்டம்மாள் ராகம் போட்டு வாசித்தாள். என்னைப் பார்த்ததும், "இன்னாய்யா, உன் ஆளு இன்னும் கப்பலே ஏறலியா?" என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்த மாதிரி செய்தேன்.
கார்டு யாருது? சீட்டுல பேரு யாருது? முப்பத்தஞ்சு வருஷத்துல நான் சொன்ன எதுக்காவது இப்படிச் சிரிச்சிருக்காளா அவ?

19-7-71
புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கெடு இன்னும் எட்டு நாள் இருந்தது. பச்சை நூல் 171-இல் இருந்தது. மொத்தம் 184. தெரிந்துதான் செய்தேன். இரண்டு நூலையும் உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மேரி அம்மா திருப்பிக் கேட்டுவிட்டார்கள் என்று வீட்டில் சொன்னேன்.
"அவன் உசுரோட கீறானா?" என்று மட்டும் கேட்டாள்.
எனக்கு எப்படித் தெரியும். நான் ஒன்பதாம் பக்கம்.

21-7-71
மனசு கேட்கவில்லை. மறுபடி எடுக்கப் போனேன். புத்தகத்தின் முதுகில் சிவப்புச் சீட்டு. பாடத்தில் வைத்துவிட்டார்களாம். இனி உள்ளே உட்கார்ந்துதான் படிக்கலாம்.
அந்தச் சீட்டை நேற்று ஒட்டியவன் நான்தான். கட்டாகக் கொடுத்தார்கள், பெயரைப் பார்க்காமலே ஒட்டினேன். இருபத்திரண்டு வருஷப் பழக்கம் — கைக்கு இன்னும் படிக்கத் தெரியவில்லை.

22-7-71
வீட்டில் ராட்டைச் சத்தம் மட்டும். அம்சவேணி எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.
மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் 171-ஆம் பக்கத்தைப் பார்த்து நோட்டில் எழுத ஆரம்பித்தேன். பாதிதான் ஆயிற்று. மேரி அம்மா என்ன என்றார்கள். உள்ளதைச் சொன்னேன். பேனாவில் மை நிரப்பிக் கொடுத்தார்கள்.

23-7-71
பக்கத்தை முடித்துப் பட்டம்மாளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். புத்தகத்தை நானாகத்தான் கொடுத்தேன் என்றும் சொன்னேன்.
"தெரியும். தொவைக்க சொல்ல பாத்தேன், பச்ச நூலு உன் சொக்கா பையில கீது."
நான்கு நாளாகத் தெரிந்திருக்கிறது! நோட்டை வாங்கி, என் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு படித்தாள்.

30-7-71
ஒரு நாளைக்கு ஒரு பக்கம். அதற்கு மேல் என் கை ஓடாது. நான் வருவதற்குள் வாசலில் நிற்கிறாள். நாளைக்காவது இரண்டாக எழுதக் கூடாதா என்கிறாள். அடுத்த பக்கத்தையும் நான் பார்த்து வைத்திருக்கிறேன். சொல்லவில்லை. இருக்கட்டும்.

7-8-71, சனி
184 முடிந்தது. படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு நூலையும் வைத்தாள். சிவப்பு அங்கே இருப்பது நியாயமில்லை, பத்திலிருந்து 170 வரை நான் படிக்கவே இல்லை என்றேன்.
"அதுக்கின்னா, நான் சொல்றேன் உக்காரு."
பத்தாம் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். அந்தப் பெண் துறைமுகத்துக்கு வந்து, கப்பலில் ஒரு காலை வைத்த இடத்தில் நிறுத்திவிட்டு ராட்டையை எடுத்துக்கொண்டாள்.
மீதி நாளைக்காம்.