மதி திருப்பிச் சொன்னவை

ஜூலை 8, செவ்வாய்

விடியும்போதே சாரல். பத்து மணிக்கே வகுப்பில் லைட் போட்டாயிற்று. மேல்காற்றில் ஜன்னல் கதவுகள் அடித்துக்கொண்டே இருந்தன.

வாங்க வேண்டியவை: கனத்த அட்டை, பசை, ம.வுக்குக் காதை மூடும் ஹெட்போன் (பழையது பிய்ந்துவிட்டது), எனக்கு இருமல் மருந்து.

புது நோட்டு, அதனால் முதலிலிருந்து. ம. என்றால் மதி. இரண்டாம் வகுப்பு. ஆட்டிசம். அவள் பக்கத்தில் உட்கார்ந்து பாடத்தைப் படமாக்கிக் கொடுப்பது என் வேலை. நான் சேர்ந்து ஐந்து வாரம். ம. சொந்தமாக ஒரு சொல் பேச மாட்டாள். காதில் விழுந்ததை, எத்தனை நாள் கழித்தானாலும், சொன்னவர் குரலிலேயே திருப்பிச் சொல்வாள்.

இன்று மாடிப்படிக்கு அடியில், விளையாட்டுச் சாமான் அறைக்கு முன்னால் நின்றுவிட்டாள். முன்பல் விழுந்த அந்த வாயிலிருந்து ஒரு பெரிய மனுஷியின் குரல்:

"அஞ்சே நிமிசம். சத்தம் போட்டா லைட்டையும் அணச்சிருவேன்."

ஆயா பேச்சியம்மாக்கா துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டார். "ஏ ஆத்தா! இது ராதா மிஸ் குரல்லா!"

ராதா எனக்கு முன்னால் ம.வைப் பார்த்துக்கொண்டவள். மார்ச்சில் வேலையை விட்டுவிட்டு ஆலங்குளம் போய்விட்டாளாம். ஆக, பிள்ளையை உள்ளே அடைத்துப் போட்டிருக்கிறாள். பாவி.

ஜூலை 9, புதன்

சாரல் விடவில்லை. அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. துணி காயவே இல்லை. அரை ஈரச் சேலையோடு பள்ளிக்கு.

ஹெச்.எம். கூப்பிட்டார். ம.வை வைத்துக்கொண்டே பேச்சு. "வெள்ளிக்கிழமை இவ அம்மா வருதாங்க. நம்ம கிளாஸுக்கு லாயக்கான்னு ரிப்போர்ட் எழுதிருங்க மிஸ். பாடம் புரியலைன்னா வேற ஸ்கூல் பாக்கச் சொல்லிருதேன்."

வெளியே வந்தால் பேச்சியம்மாக்கா: "அருவில தலையக் காட்டச் சொல்லுங்க மிஸ். எல்லாம் தெளிஞ்சிரும்." முறைத்தேன்.

மத்தியானம் ம. டிபன் பாக்ஸைத் தட்டிவிட்டாள். சேலை முழுக்கச் சாம்பார். ஊரில் இருக்கும் அக்காவிடம் போனில் கொஞ்சம் புலம்பினேன். ம. பக்கத்தில்தான், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

ஜூலை 10, வியாழன்

ரிப்போர்ட் எழுதும் முன் அந்த அறையை ஒரு தடவை பார்த்துவிட நினைத்தேன். பி.டி. பீரியட், மழையென்று எல்லோரும் ஹாலில். 3.10. ம.வை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போனேன்.

ஜன்னல் இல்லை. வளையங்கள், ஸ்கிப்பிங் கயிறு, ஈரப் பாய் நாற்றம். சுவரில், என் இடுப்பு உயரத்தில், நகத்தால் கீறிய கோடுகள். எண்ணத் தொடங்கினேன். பதினொன்று வரை எண்ணினேன்.

கதவு சாத்திக்கொண்டது. காற்று என்று நினைத்தேன். பிறகு தாழ்ப்பாள் விழுந்தது.

"அஞ்சே நிமிசம்." ராதாவின் குரல். நான் பார்த்தே இராத ராதா.

"மதி, கதவத் திற."

"சத்தம் போட்டா லைட்டையும் அணச்சிருவேன்."

அணைந்தது. சுவிட்ச் வெளியே.

இருட்டில் ஒவ்வொருவராக வந்தார்கள். ஹெச்.எம்.: "லாயக்கான்னு ரிப்போர்ட் எழுதிருங்க மிஸ்." பேச்சியம்மாக்கா: "எல்லாம் தெளிஞ்சிரும்." கதவுக்கு அந்தப் பக்கம் ஊரே நிற்கிற மாதிரி. நிற்பது ஏழு வயதுப் பிள்ளை ஒன்றுதான், எனக்குத் தெரியும். தெரிந்தும் உடம்பெல்லாம் வியர்த்தது.

அப்புறம் ஒரு குரல், யாரென்று பிடிபடவில்லை. சளி கட்டிய, சலித்துப்போன குரல். "இவளுக்கு ஒண்ணும் புரியாதுக்கா. சுவத்தோட பேசுத மாதிரிதான்."

நான். நேற்று, அக்காவிடம்.

தாழ்ப்பாள் திறந்தது. மணி பார்த்தேன். 3.15. ம. எப்போதும்போல என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு வகுப்புக்கு நடந்தாள்.

ராதாவைச் சொல்ல வந்துவிட்டேன், பெரிய யோக்கியை.

ஜூலை 11, வெள்ளி

திடீரென்று வெயில். ஹெட்போன் வாங்க இன்றும் மறந்தாயிற்று. ரிப்போர்ட்டில் ஒரே வரி: எல்லாம் புரிகிறது.

ஹெச்.எம். அறை. கீழப்பாவூரிலிருந்து பஸ்ஸில் வந்த ம.வின் அம்மா, நாற்காலி நுனியில். ம. ஃபேனைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எத வச்சு மிஸ் இப்படி எழுதுதீங்க?" என்றார் ஹெச்.எம்.

ராதாவோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அது கேட்டதைத் திருப்பிச் சொல்வது, கிளியும் செய்யும். புரிந்தது என்பதற்கு என்னைத்தான் காட்ட வேண்டும். ராதா அவளை அடைத்தது, சுவரில் கோடுகள், அவள் என்னை அடைத்த ஐந்து நிமிஷம், எல்லாம் சொன்னேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"நானும் ஒண்ணு சொன்னேம்மா. அவள வச்சுக்கிட்டே." நோட்டைத் திறந்து வாசித்தேன். "இவளுக்கு ஒண்ணும் புரியாதுக்கா..."

"இந்தச் சனியனுக்கு," என்றாள் ம., என் குரலில், ஃபேனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஹெச்.எம். ரிப்போர்ட்டைத் தன் பக்கம் இழுத்தார். கையெழுத்துப் போட்டார்.

ஆமாம், அப்படித்தான் சொன்னேன். யாரும் படிக்காத இந்த நோட்டில்கூட 'இவளுக்கு' என்று மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.