ஆனைமலையில் அரைத்த மிளகாய்

பெரியநாயக்கன்பாளையம்,
7-11-2024, வியாழன், பகல் பதினொன்றரை.

அன்பு மகள் நவ்யாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே உன் நைனா, நான், உன் தம்பி வம்சி மூவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்றுதான் தெரியவில்லை. கேட்டால் "பிஸிம்மா" என்று ஒரு வரி வருகிறது.

நீ ஹைதராபாத் போன மூன்று வருஷத்தில் உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. போனில் பேச முடியாத நிலை. இன்சூரன்ஸிலிருந்து அழைப்பு வரும் என்று என் போனையும் நைனாதான் வைத்திருக்கிறார். நாம் பேசினால் ஸ்பீக்கரில் போடுகிறார். போலீஸ் ஸ்டேஷனில் வேறு வீட்டில் எல்லாருடைய நம்பரையும் எழுதி வாங்கியிருக்கிறார்கள். அவர்களால் எதையெல்லாம் கேட்க முடியும் என்று எனக்குத் தெரியாது. அதனால் உன் ஆபீஸ் முகவரிக்குக் கூரியரில் அனுப்புகிறேன். சனிக்கிழமை கிடைத்துவிடும் என்றார்கள். தனியாக உட்கார்ந்து படி. படித்ததும் கிழித்துவிடு.

நகை போனதை உனக்குத் துண்டுதுண்டாகத்தான் சொல்லியிருக்கிறோம். வரிசையாக எழுதுகிறேன்.

அக்டோபர் இருபதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, உன் கல்யாணத்துக்கு நாள் குறிக்க மேட்டுப்பாளையத்தில் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனோம். தலைவலி என்று நீ வரவில்லை. மதியம் ஹைதராபாத் ரயிலுக்குக் கிளம்பும்போது வீட்டைப் பூட்டி, சாவியை வழக்கம்போல வேலைக்கு வரும் சாந்தாமணியிடம் கொடுத்துவிட்டுப் போனாய். நாங்கள் சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து சேர்ந்தோம். வாசல் பூட்டு சரியாக இருந்தது. பீரோ பூட்டியிருந்தது. பீரோ சாவி அரிசி டிரம்முக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. தை மாதம் நாள் குறித்த சந்தோஷத்தில், உன் ஆரத்தை ஒரு தடவை எடுத்துப் பார்க்கலாம் என்று நைனாதான் பெட்டியைத் திறந்தார். ஆரம் இல்லை. நெக்லஸ், ஆறு வளையல், ஜிமிக்கி எதுவும் இல்லை. இருபத்திரண்டு பவுன்.

மறுநாள் காலையில், ஸ்டேஷனுக்குப் போகும் முன்பே, பாலிசி ஏஜென்ட் வந்துவிட்டார். வீட்டையும் சுற்றிப் பார்த்தார், டீயும் குடித்தார். "அண்ணா, பூட்டு ஒடையாம நக போச்சுன்னா கம்பெனில ஒத்துக்க மாட்டாங்க. வெளியாளு ஒடச்சு உள்ள வந்திருக்கோணும். ஊட்டாளு எடுத்தா, வேலைக்காரங்க எடுத்தா பாலிசில வராதுங்க. நல்லாப் பாருங்க, எங்கியாச்சும் ஒடஞ்சிருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் வண்டி தெருமுனை திரும்பியதும் நைனா பட்டறைக்குப் போய்ச் சுத்தியலும் உளியும் கொண்டுவந்தார். பின்வாசல் தாழ்ப்பாளை நான்கு அடி அடித்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். இத்தனை வருஷம் பம்ப் பட்டறை நடத்தியவர், ஒரு பொய் பில் போட்டதில்லை. "எம்புள்ளைக்குச் செஞ்ச நக. எப்படியாவது திருப்பிச் செஞ்சு போடோணும்" என்றார். அதற்குப் பிறகுதான் ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தார். கதவு உடைக்கப்பட்டது என்று அதில் இருக்கிறது.

இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து சேதத்தைப் பார்க்கும்வரை எதையும் தொடக் கூடாது என்பது கம்பெனி விதி. தாழ்ப்பாள் இல்லாத கதவு மூன்று நாள் அப்படியே கிடந்தது. கயிற்றால் கட்டி, மாவு கிரைண்டரை நகர்த்தி முட்டுக் கொடுத்தோம். காற்று அசைத்தால்கூட வம்சி எழுந்து வந்து பார்த்தான். நாங்களே உடைத்த கதவுக்கு நாங்களே பயந்தோம். சாவி போட்டுத் திறந்து வந்தவன் மறுபடியும் வருவான், பகலில் நான் தனியாக இருக்கும்போது வருவான் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. குளிக்கப் போனால்கூட அரிவாள்மனையை எடுத்துக்கொண்டு போனேன். அப்போது என் பயம் அவ்வளவுதான்.

புதன்கிழமை சர்வேயர் வந்தார். கௌதமன் என்று பெயர். முப்பத்தைந்து வயதிருக்கும், சத்தமாகப் பேசாதவர். தாழ்ப்பாளைப் பத்துப் பதினைந்து படம் எடுத்தார். "அடி உள்பக்கமிருந்து உழுந்த மாதிரி இருக்குங்களே" என்றார். நைனா நாற்காலி எடுத்துவர உள்ளே போனார். அவரும் திரும்பக் கேட்காமல் எழுதிக்கொண்டார்.

சாவி வைத்திருந்தவள் என்பதால் போலீஸ் சாந்தாமணியைப் பிடித்துக்கொண்டது. அடிக்கவில்லை. மூன்று நாள் காலையிலிருந்து பொழுது சாயும்வரை பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். அதற்குள் மேல் தெருவில் இரண்டு வீட்டில் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வியாழக்கிழமை நேராக நம் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வராமல் வாசற்படியிலேயே நின்றாள்.

"ஏனுங்கக்கா, என்னைய நம்பறீங்களா இல்லீங்களா, அத மட்டும் சொல்லிப்போடுங்க."

நம்புகிறேன் என்றேன். வாய் சொன்னதே தவிர, கண்ணைப் பார்த்துச் சொல்ல வரவில்லை. அவளுக்கும் புரிந்துவிட்டது.

"உங்க நம்பிக்கை பத்தாதுங்க. ஆனைமலைக்குப் போலாமுங்க. மாசாணியாத்தா முன்னால ரெண்டு பேரும் மொளகா அரைக்கலாம். நான் எடுத்திருந்தா என் ரெண்டு கண்ணும் அவிஞ்சு போகட்டும். வேற ஆரு எடுத்திருந்தாலும் ஆத்தா பாத்துக்குவா."

வெள்ளிக்கிழமை காலையில் பொள்ளாச்சி பஸ் ஏறினோம். கோயிலில் மிளகாய் வாங்கி, ஆட்டுக்கல்லில் அவள் ஒரு கை, நான் ஒரு கை அரைத்தோம். எரிச்சலில் நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். அவள் கண்ணைத் துடைக்கவே இல்லை. நீதிக்கல்லில் பூசும்போது அவள் ஒன்றும் வேண்டவில்லை. வாய்விட்டு வேண்டியது நான்தான். எடுத்த கை எரியட்டும், எடுத்தவர்கள் குடும்பமாக உட்கார்ந்து ஒரு வாய் நிம்மதியாகச் சாப்பிடக் கூடாது என்று வேண்டினேன். இதை எழுத என் விரல் வரமாட்டேன் என்கிறது. ஆனால் உனக்குத் தெரிய வேண்டும்.

அன்று சாயங்காலம் வம்சி உன்னோடு வீடியோவில் பேசினான். வைத்தபிறகு, "அக்கா கையில கட்டுப் போட்டிருக்கும்மா. குக்கர் ஆவி பட்டுருச்சாம்" என்றான். பார்த்துச் செய்யக் கூடாதா என்று உன்னைத் திட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

நேற்று சர்வேயர் மறுபடியும் வந்தார். நைனா பட்டறையில் இருந்தார். வரும்வரை உட்காருங்கள் என்று காபி கொடுத்தேன். போலீஸ் எடுத்த படங்களை மடியில் பரப்பி வைத்திருந்தார். அதில் ஒன்றை என் பக்கம் திருப்பினார். உன் நகைகள் இருந்த பெட்டி. உள்ளே என் இரண்டு வளையல், என் அட்டிகை, வம்சியின் மோதிரம், எல்லாம் அப்படியே இருக்கின்றன.

"திருடன் ரொம்ப மரியாதைக்காரனுங்கம்மா. பொண்ணுக்குச் செஞ்சத மட்டும் எடுத்துட்டு, உங்க வளையலத் திருப்பி ரோஸ் தாள்ல சுத்தி வெச்சுட்டுப் போயிருக்கான்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

வளையலை நான் மேட்டுப்பாளையத்துக்குப் போட்டுக்கொண்டு போயிருந்தேன், வந்துதான் கழற்றி வைத்தேன் என்று வாய்க்கு வந்த பொய்யைச் சொன்னேன். அவர் பேனாவை எடுத்தார்.

"களவு போன பொட்டீலயே திருப்பி வெச்சீங்களா?"

நவ்யா, ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன். அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

அந்தப் படத்தை நான் நன்றாகப் பார்த்தேன். எல்லாரும் ரோஸ் தாளை மிட்டாய் போல முறுக்கி வைப்பார்கள். அந்தத் தாளின் இரண்டு முனையும் உள்ளே மடித்துச் செருகப்பட்டிருந்தது. அப்படி மடிக்கிற கை நம் வீட்டில் ஒன்றே ஒன்றுதான். நகை போனது என்று நைனா உன்னிடம் சொன்னபோது நீ அழவில்லை. "போலீஸுக்கு ஏன் நைனா போனீங்க" என்றுதான் முதலில் கேட்டாய். இரண்டு வாரமாக அது என் காதில் இருந்திருக்கிறது. நேற்றுதான் எனக்குக் கேட்டது.

ஆடி மாதம் வந்திருந்தபோது ஆல்வின் என்று ஒரு பெயர் சொன்னாய். அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போனேன். அடுப்பில் பால் இல்லை. நீ மேற்கொண்டு சொல்லிவிடுவாயோ என்று பயந்துதான் போனேன். நைனா அடுத்த வாரமே சம்பந்தம் பேச மேட்டுப்பாளையத்துக்கு ஆள் விட்டார். நான் தடுக்கவில்லை. இதையெல்லாம் இப்போது எழுதி என்ன ஆகப்போகிறது.

இப்போது என் பயம் வேறு. நீ தனியாக இருக்கிறாயா? யாராவது சொல்லி எடுத்தாயா? கட்டு அவிழ்த்தாயா, புண் ஆறியதா? நேற்று முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் வேண்டியதும் அதைத்தானே. குடும்பமாக உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிடக் கூடாது என்று. நம் குடும்பத்துக்கே வேண்டிக்கொண்டு வந்திருக்கிறேன்.

நைனா வருவதற்குள் சர்வேயரிடம் ஒன்று கேட்டேன். கொடுத்த க்ளெய்மைத் திருப்பி வாங்க முடியுமா என்று. என்னையே பார்த்தார். "முடியுமுங்கம்மா. நான் ரிப்போர்ட் அனுப்பறதுக்கு முன்னாடி எழுதிக் கொடுத்தா முடியும். பணம் வந்ததுக்கப்புறம் உண்மை தெரிஞ்சா அது மோசடிக் கேஸு. சார் பேர்லதான் வருமுங்க" என்றார். அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். நல்ல மனிதர் என்று நினைக்கிறேன். நல்ல மனிதர் என்பதே இன்னும் பயமாக இருக்கிறது.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவர் வருகிறார். நைனா கடைசி வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அதே நாள் சாந்தாமணியையும் மறுபடி ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். பத்து மணிக்கு முன்னால் நைனாவின் நம்பருக்குக் கூப்பிடு. என் நம்பர் வேண்டாம். என்ன பேச வேண்டும் என்று நான் சொல்லித்தர மாட்டேன். அவர் கத்துவார். வைத்துவிடாதே. கத்தி முடித்தால் உட்கார்ந்துவிடுவார்.

நீ கூப்பிடாவிட்டால் நான் பேசுவேன். நகையை என் மகளுக்கு நான்தான் கொடுத்தேன், இவரிடம் சொல்லப் பயந்து மறைத்தேன் என்று சொல்வேன். கதவைக் கேட்டால் அதையும் நானே உடைத்தேன் என்பேன். போலீஸ் என்ன செய்யுமோ செய்யட்டும். சாந்தாமணியிடம் என்ன சொல்வது என்பதுதான் இன்னும் தெரியவில்லை. அவளுக்கு நான் எதைச் சொன்னாலும் பத்தாது.

நாளை வெள்ளிக்கிழமை மறுபடி ஆனைமலைக்குப் போகிறேன். எண்ணெய் சாத்தி ஆத்தாவைக் குளிர வைத்தால் வேண்டுதல் இறங்கும் என்கிறார்கள். நியாயம் கிடைத்தபிறகுதான் அதைச் செய்வார்களாம். நியாயம் கிடைக்கும் முன்பே போய் நிற்பவளை அவள் ஏற்பாளா, தெரியாது. போய் ஒன்றே ஒன்றுதான் சொல்லப்போகிறேன். இருபதாம் தேதி காலையில் மேட்டுப்பாளையத்துக்குக் கிளம்பும்போதே அந்த இருபத்திரண்டு பவுனையும் என் மகளுக்குக் கொடுத்துவிட்டேன், வாயால் சொல்ல மட்டும் மறந்துபோனேன் என்று. தாய் கொடுத்ததை மகள் வாங்கிக்கொண்டால் அது எப்படித் திருட்டாகும்? உன்னை யாராவது கேட்டாலும் இதையே சொல்.

எங்கே இருந்தாலும், யாரோடு இருந்தாலும், அந்த ஆரத்தைக் கழுத்தில் போட்டுக்கொள் கண்ணு. ஒளித்து வைக்காதே. நல்லா இரு.

உன் அம்மா,
சீ. ராமாமணி