ஞாயிற்றுக்கிழமை மௌனம்

விழுப்புரம், 1941, ஆடி மாதம், ஞாயிறு இரவு.

வாரமெல்லாம் பள்ளிக்கூடத்தில் கத்திக் கத்தி வற்றிப்போகிறேன். ஞாயிறு ஒருநாளாவது மனித வாடை இல்லாமல் கிடக்கலாமென்றுதான் மௌன விரதம் என்று சொல்லிவைத்தேன். அதுவே வினையாகிவிட்டது.

விடிந்ததும் எதிர்வீட்டு மல்லாட்டைக் கடலை வியாபாரி வந்து உட்கார்ந்தான். "நீங்க ஒண்ணும் பேசவேணாம் வாத்தியாரே, கேட்டுக்கினு இருந்தாப் போதும்" என்று மாமனார் மேலிருந்த ஆத்திரத்தையெல்லாம் கொட்டினான். அவன் வெற்றிலை எச்சில் என் வேட்டியில் தெறித்தது. அவன் போனதும் அவன் தம்பி வந்து அதே கதையை அண்ணன் மேல் பழியாகத் திருப்பிச் சொன்னான். பிறகு திண்டிவனத்திலிருந்து வந்த யாரோ ஒருவன், பெயர்கூடச் சொல்லாமல் மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதான். ஊர்க் குப்பையைக் கொட்டும் இடமாகிவிட்டேன்.

விளக்கு வைத்தபின் எல்லாரும் தொலைந்தார்கள். பாயில் சாய்ந்தேன். மனைவி கதவைச் சாத்திவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"நாளைக்கு நீங்க பேச ஆரம்பிச்சிடுவீங்க. அப்புறம் என்னால வாயத் திறக்க முடியாது. அதான் இப்பவே சொல்லிடறேன்."

நிதானமாகச் சொன்னாள். கல்யாணமான நாளிலிருந்து சொன்னாள்.

இன்று கேட்ட கதைகளிலேயே கேவலமான ஆள் அதில்தான் இருந்தான்.