கதவு 6.3-இல், சைரன் 6.5-இல்: ஃபெர்ரி தெருவின் பதினெட்டு வீடுகள் குறித்து

அனுப்புநர்
டெஸ் லாட்டிமர் (வயது 16),
11, ஃபெர்ரி தெரு,
வாலரிங்கா, நியூ சவுத் வேல்ஸ்.

பெறுநர்
திட்ட இயக்குநர் அவர்கள்,
வெள்ளப் பாதுகாப்புத் திட்டம்,
வாலரிங்கா நகர மன்றம்.

பொருள்: ஒரே திட்டத்துக்குள் இரண்டு விதமாக வேலை செய்யும் இரண்டு குழுக்கள் – வெள்ளக்கதவு மூடிய பிறகு சைரன் ஒலிக்கும் நிலை – உடனே சரிசெய்யக் கோருதல்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. ஊரைக் காக்கும் வெள்ளக்கரைக்கு வெளியே, ஆற்றுப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் தெரு. ஊருக்குள் போக ஒரே சாலைதான். அது கரையிலுள்ள இடைவெளி வழியாகப் போகிறது. அந்த இடைவெளியில்தான் தாங்கள் புதிய இரும்புக் கதவைப் பொருத்தியிருக்கிறீர்கள். கதவு நன்றாக இருக்கிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது மூடினால் பதினெட்டு வீடுகளும் ஆறும் ஒரே பக்கம்.

2. கதவுக் குழு படிப்படியாக வேலை செய்கிறது. முதலில் முழுத் திட்டமும் தாளில், பிறகு கையெழுத்து, ஒரு கட்டம் முடிந்தால்தான் அடுத்தது. சைரன் குழுவோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் செய்து, மக்களிடம் கருத்துக் கேட்டு, மாற்றி, மறுபடி செய்கிறது. சுருக்கமாகச் சொன்னால், முதல் குழு யார் சொன்னாலும் கேட்காது. இரண்டாவது குழு யார் கேட்டாலும் செய்யும். இரண்டு முறையும் தவறென்று நான் சொல்லவில்லை. கரையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நகர்த்த முடியாது. சைரனைப் பழைய தாளைப் பார்த்து ஊதவும் முடியாது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஆளில்லை என்பதுதான் என் புகார்.

3. கதவுக் குழுவின் தாளில் உள்ளபடி, பாலத்து நீர்மட்ட அளவுகோல் 5.8 மீட்டரைத் தொட்டதும் சைரன் ஒலிக்கும், தெரு காலியாகும், 6.3-இல் கதவு மூடப்படும். வெள்ளத்தில் ஆற்று நீர் ஒரு மணி நேரத்துக்குப் பத்து சென்டிமீட்டர் ஏறும் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். அதாவது கிளம்ப ஐந்து மணி நேரம். மூடுபவர்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து வந்து மூடிவிட்டுப் போவார்கள். எங்கள் தெருவுக்குள் வரமாட்டார்கள்.

4. சென்ற மாதம் சைரன் குழு தன் அளவை 6.5-ஆக உயர்த்தியது. கதவு மூடி இரண்டு மணி நேரம் கழித்து, "வெளியேறுங்கள்" என்று சைரன் எங்களுக்குச் சொல்லும். மூடிய கதவைப் பார்த்தபடி நாங்கள் அதைக் கேட்போம்.

5. உயர்த்தியதற்குக் காரணம் நான். இதை எழுதக் கை வரவில்லை, இருந்தும் எழுதுகிறேன். சைரன் குழுவின் கருத்துப் பக்கத்தில், "சும்மா சும்மா அலறுகிறது, அளவை ஏற்றுங்கள்" என்று நாற்பது பெயர்களில் நானே கோரிக்கை போட்டேன். எங்கள் நாய் கேப்டன், ஐந்து கோழிகள், பள்ளி உணவகத்து மைக்ரோவேவ் எல்லாம் அதில் அடக்கம். சிரிப்பார்கள் என்று நினைத்தேன். அவர்களோ அத்தனையையும் ஓட்டாகக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு டரில் கோவாக் அண்மைவரை வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "ஏய் டெஸ், உங்க வீட்டு நாய்க்கு ஓட்டுரிமை குடுத்தது யாரு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். கதவின் அளவை நான் சொன்ன பிறகு அவர் கேலியை நிறுத்திவிட்டு, காரைத் திருப்பி, சாலையைப் பார்த்தபடி நிறுத்திவைத்தார். எனக்குப் பயம் பிடித்தது அப்போதுதான்.

6. இரு குழுக்களையும் நேரில் பார்த்தேன். சைரன் குழுவின் இமோஜன் டார்க் அவர்களிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் சொன்னது: "இப்ப இதுவும் உன் வெளையாட்டா? நெசமாவே கொறைக்கணும்னா ஒரு கோரிக்கை போடும்மா. ஓட்டு விழுந்தா அடுத்த சுத்துல எடுத்துக்கறோம்." கதவுக் குழுவின் ரெனிக் ஹாஸ் அவர்கள் மரியாதையாக நாற்காலி போட்டு உட்காரவைத்துச் சொன்னது: "கையெழுத்தான தாளும்மா இது. ஒரு எண்ண மாத்தணும்னாலும் மாற்றக் குழு கூடணும். ஜூன்லதான் கூடும். எங்க தாள்ல சைரன் 5.8-னுதானே இருக்கு? அப்ப எங்க பக்கம் சரியாத்தான் இருக்கு." அவர் பக்கம் சரி. இவர் பக்கமும் சரி. எங்கள் பக்கம்தான் ஆறு இருக்கிறது.

7. பிப்ரவரியில் ஒத்திகையும் நடந்தது. செவ்வாயன்று கதவை மூடித் திறந்தார்கள்: வெற்றி. வியாழனன்று சைரனை ஊதினார்கள்: வெற்றி. இரண்டையும் ஒரே நாளில் செய்திருந்தால் எது முதலில் வருகிறது என்று யாராவது பார்த்திருப்பார்கள். இரண்டு வெற்றி அறிக்கைகளும் தங்கள் மேசைக்குத்தான் வந்திருக்கும் என்று நம்புகிறேன்.

8. என் அம்மா நோலீன் லாட்டிமர் ரொட்டி ஆலையில் இரவு வேலை பார்க்கிறார். காலை எட்டு மணிக்குக் கைப்பேசியை அணைத்துவிட்டுப் படுத்தால் மாலை நாலுக்குத்தான் எழுவார். நடுவில் அவரை எழுப்பக்கூடியது அந்தச் சைரன் ஒன்றுதான். அந்த நேரத்தில் பெரும்பகுதி நான் பள்ளியில், கதவுக்கு அந்தப் பக்கம். கைப்பேசியை அணைக்க வேண்டாமென்று கேட்டுப் பார்த்தேன். "சைரன்தான் இருக்கேடி, போ" என்றார். அதன் அளவை உயர்த்தவைத்தது யாரென்று அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

ஆகவே தங்களிடம் பணிவுடன் கேட்பது:

முதலாவது, சைரன் அளவை இந்த வாரமே 5.8-க்கு இறக்க வேண்டும். ஓட்டுக்கும் ஜூனுக்கும் காத்திருக்க வேண்டாம். இரு குழுக்களும் அவரவர் முறையிலேயே வேலை செய்யட்டும். ஆனால் கதவின் அளவு, சைரனின் அளவு ஆகிய இரண்டு எண்களையும் ஒரு குழு தனியாக மாற்றக்கூடாது. இரண்டு குழுக்களின் கையெழுத்தும் வேண்டும். பிறகு, ஒரு பகல் நேரத்தில், அம்மா தூங்கும்போது, இரண்டையும் சேர்த்து ஒத்திகை பார்க்க வேண்டும்.

இன்று காலை அளவுகோல் 4.7. நேற்று 4.4. மேல்மலையில் வியாழன்வரை மழை என்கிறார்கள்.

நாற்பது பொய்க் கோரிக்கைகளின் பட்டியலை இணைத்திருக்கிறேன். பள்ளிக்கும் தெரிவித்துவிட்டேன். தாங்களும் பள்ளியும் தரும் எந்தத் தண்டனைக்கும் உடன்படுகிறேன். பள்ளி முடிந்தபின் நிறுத்திவைக்கும் தண்டனையை மட்டும் இந்த வாரம் கொடுக்கவேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். மூன்றரைக்கு நான் கதவுக்கு இந்தப் பக்கம் வந்தாக வேண்டும்.

தங்கள் பதிலை எதிர்நோக்கி, கவலையுடன்,

டெஸ் லாட்டிமர்
(கையொப்பம்)

இடம்: வாலரிங்கா
நாள்: மார்ச் 3, செவ்வாய், காலை 7.40

இணைப்பு: நாற்பது பெயர்கள், இரண்டு பக்கம்.