இடது கன்னத்துக்கு மட்டும்

மார்ச் 4
கடை ஏசியில் எல்லோரும் நடுங்குகிறார்கள், எனக்கு மட்டும் வியர்த்து ஊற்றுகிறது. முகம் சுண்ணாம்பு உதிர்ந்த சுவர். விற்பதோ முகக் கிரீம்! "நீங்க இதைப் போடுறதில்லையாக்கா?" என்று ஒருத்தி கேட்டே விட்டாள்.

மார்ச் 12
மாதவிடாய் நின்று ஒன்றரை வருடம். டாக்டரம்மா மார்பகக் கட்டி, இரத்த உறைவு, குடும்ப நோய் எல்லாம் தோண்டித் துருவிக் கேட்டார். சோதனைகளைப் பார்த்த பிறகே ஹார்மோன் தந்தார். அடிவயிற்றில் ஒட்ட ஒரு பிளாஸ்திரி, கூடவே மாத்திரை.

"இது வேர்வைக்கும் தூக்கத்துக்கும்தான். தோலுக்காக மட்டும்னா எழுதித் தர மாட்டேன்."

"அப்போ தோல் மாறாதா?"

"கொஞ்சம் மாறலாம். ஹார்மோன் குறைஞ்சா தோலும் மெலிஞ்சு காயும்."

ஏன் காயும்? கேட்க இன்னும் நூறு கேள்வி இருந்தது. வெளியே வரிசை நின்றது.

மார்ச் 30
தூங்கினேன்!

ஜூன் 2
முகத்தில் ஈரப்பசை திரும்பியிருக்கிறது. பிளாஸ்திரியாலா? கடையில் இலவசமாகத் தந்த விலை உயர்ந்த கிரீமையும் பூசுகிறேனே, அதாலா? குழப்பம். சரி, இனி கிரீம் இடது கன்னத்துக்கு மட்டும். வலதுக்கு மருந்துக்கடைச் சாதாக் களிம்பு.

"பாதி முகத்தை யாருக்கு வித்துட்ட?" என்கிறார் வீட்டுக்காரர்.

ஆகஸ்ட் 17
அவரைக் கண்ணை மூடச் சொல்லி, எது மிருது என்று இரண்டு கன்னத்தையும் தொட வைத்தேன். "ரெண்டும் ஒண்ணுதான்." தங்கச்சி இடது என்றாள், வலது என்றாள், கடைசியில் "தெரியலக்கா."

அப்போ கிரீம் இல்லை, பிளாஸ்திரிதான்! என் ஒரு முகம் ஊருக்கே சாட்சி ஆகாதுதான். ஆனாலும் என்ன ஒரு சந்தோஷம்!

செப்டம்பர் 3
மேனேஜர் என் பழைய படத்தையும் புதுப் படத்தையும் கவுன்டரில் மாட்டப் போகிறாராம், 'இந்தக் கிரீம் செய்த மாயம்' என்று. "சூப்பர்வைசர் போஸ்ட் உங்களுக்குத்தான்மா."

எத்தனை வருஷம் ஏங்கின பதவி. ஆனா என் வயசுப் பொம்பளைங்கதானே அதைப் பார்த்துட்டு வருவாங்க? தூங்காம, வேர்த்து விறுவிறுத்து — அவங்ககிட்ட டப்பாவை நீட்டவா? வாய் மூடி இருந்தா என்ன? முடியுமா என்னால?

செப்டம்பர் 4
சொல்லிவிட்டேன். "கிரீம் இல்ல சார், ஹார்மோன்." மனிதர் விட்டத்தைப் பார்த்தார். "இதையெல்லாம் ஏம்மா வெளியில சொல்றீங்க?"

செப்டம்பர் 9
குடைப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். கழிப்பறையில் போய் அழுதேன். "வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்ல?" என்கிறாள் தங்கச்சி. இருந்திருக்கலாம்.

நவம்பர் 22
கிரீம் கவுன்டர் பெண்ணுக்கு ஓட்டை வாய். அவள் புண்ணியத்தில், மழையே இல்லாத நாளிலும் என்னிடம் ஆள் வருகிறது. மார்பில் புற்றுநோய் வந்து தேறிய ஒரு அம்மாவிடம், ஹார்மோன் உங்களுக்குச் சரிப்படாமல் போகலாம், வேறு வழி உண்டா என்று டாக்டரையே கேளுங்கள் என்றேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதானே.

இன்று ஒருத்தி குடையை விரித்து அதன் மறைவில் குனிந்தாள். "உங்க முகத்துக்கு என்னக்கா போடுறீங்க?"

"அது இருக்கட்டும். ராத்திரி தூங்குறியாம்மா?" என்றேன்.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. யாரும் பார்க்காதபடி குடையை இன்னும் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தேன்.