அவள் சொன்னது அப்படியே

அன்புள்ள வாலுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எனக்குக் குறை ஒன்றும் இல்லை, முழங்கால் மட்டும் படிக்கட்டைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது. நீயும் நன்றாக இருக்கிறாய் என்று எடுத்துக்கொண்டுதான் எழுதுகிறேன், அப்படி இல்லையென்றால் மறைக்காமல் சொல். வீடியோவில் பேசினால் போதாதா, கடிதம் எதற்கு என்பாய். வீடியோவில் நீ இளைத்திருக்கிறாயா என்று பார்ப்பதிலேயே நேரம் போய்விடுகிறது. என் கைகளும் அந்தச் சின்னத் திரைக்குள் அடங்குவதில்லை, பாதி வார்த்தை வெளியே போய் விழுகிறது. தவிர, இப்போது சொல்ல வருவதை உன் முகத்தைப் பார்க்காமல் சொன்னால்தான் எனக்கு ஒழுங்காக வரும்.

வீடு நீ விட்டுப்போன மாதிரியேதான் இருக்கிறது. மாடி வீட்டுக்காரர் போன வாரம் படியில் நிறுத்தி ஆறுதல் சொன்னார். காது கேக்காத பையன் இருந்த வீடு, எப்பவும் அமைதியாத்தானே இருந்திருக்கும், அதனால இப்ப உங்களுக்குப் பெருசா வித்தியாசம் தெரியாது என்றார். நல்ல மனுஷர், அதனால் பேசாமல் தலையாட்டிவிட்டு வந்தேன். உன்னைப் போலச் சத்தம் போட்ட பிள்ளை இந்தத் தெருவிலேயே கிடையாது என்பது அவருக்கு எங்கே தெரியப்போகிறது. நாற்காலியைத் தரதரவென்று இழுப்பாய், கதவை அறைந்து சாத்துவாய், என்னைத் திரும்பிப் பார்க்க வைக்கத் தரையை உதைப்பாய், கீழ்வீட்டுக்காரர் இடி இடிக்குதா என்று கேட்டுக்கொண்டு மேலே வருவார். இப்போது ஃபிரிட்ஜ் ஓடுவது கேட்கிறது, பிறகு அது நிற்பதும் கேட்கிறது. கூடத்தில் நீ மாட்டிவைத்த அழைப்புமணி விளக்கு, யாராவது மணி அடித்தால் இன்னும் மின்னிக்கொண்டுதான் இருந்தது. ஃபேன் பார்க்க வந்த எலக்ட்ரீசியன், இது எதுக்கும்மா வீணா, கழட்டிடவா என்றார். இருக்கட்டும் என்றேன். இருந்தது என்று ஏன் எழுதினேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஆய்வகத்தில் வழக்கம்போலத் தண்ணீரோடுதான் என் காலம் ஓடுகிறது. ஒரு பாட்டில் தண்ணீரை வைத்துக்கொண்டு ஆற்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்லாதீர்கள் என்று புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிற ஆள் நான். அதனால்தான் நீ உங்கள் காது கேளாதோர் சங்கத்து வேலையைப் பற்றி எழுதும்போதெல்லாம் எனக்கு ஒரு பக்கம் புருவம் ஏறிவிடுகிறது. மனு கொடுப்பார்கள், வாங்குகிறவர் அக்கறையோடு தலையசைப்பார், படம் எடுத்துக்கொள்வார்கள், அதோடு சரி. உரிமைக்குக் குரல் கொடுப்பது என்று எல்லோரும் சொல்கிறார்கள், நான் பார்த்த வரையில் கொடுத்தவரின் குரல்தான் மேடை முழுக்கக் கேட்கும், யாருக்காகக் கொடுத்தாரோ அவர் ஓரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். இப்படி நினைக்கிறவளிடம் போய் உன் சங்கத்து நண்பர்கள் ஒரு பெண்ணை அனுப்பிவைத்தார்கள் என்றால், அது உன் வேலையாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். இல்லை என்று எழுதாதே.

நீ போன பிறகு இந்தப் பக்கம் குடிவந்தவள் அவள். தையல் வேலை செய்கிறாள், கணவன் அச்சகத்தில் இருக்கிறான், இருவருக்குமே காது கேட்காது. கன்னத்தில் விரலை அழுத்தினால் சைகையில் அதுதான் அவள் பெயர், ஆகவே கன்னக்குழி என்றே எழுதுகிறேன். எனக்கு அவள் முதல் நாளே வைத்த பெயர், மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளுவது. அவ்வளவு அடிக்கடியா தள்ளுகிறேன் என்று கேட்டதற்கு, கேட்கும்போதே தள்ளுகிறாயே என்று சிரித்தாள். முதல் பிரசவத்தை அவள் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்டாள். பிரசவ அறைக்குள் உடன் யாரையும் விடமாட்டார்கள். உள்ளே எல்லோருக்கும் வாயில் மறைப்புத் துணி, உதட்டைப் பார்த்துக்கூடப் புரிந்துகொள்ள முடியாது. அசைக்கக் கூடாது என்று வலது கையைப் பலகையோடு சேர்த்துக் கட்டி டிரிப்ஸ் ஏற்றினார்கள், இடது கையில் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை. நம் வாயைக் கட்டிப்போட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குழந்தையை எடுத்துக்கொண்டு போனார்கள். எங்கே என்று கேட்க அவளுக்குக் கை இல்லை. தங்கவில்லை என்பது, கட்டை அவிழ்த்து வெளியே கொண்டுவந்த பிறகு கணவனின் முகத்தைப் பார்த்துத்தான் அவளுக்குத் தெரிந்தது. இப்போது மறுபடியும் வயிற்றில் பிள்ளை. அதே ஆஸ்பத்திரி, அதே அறை. இந்த முறை சைகைமொழி தெரிந்த ஒருவர் உள்ளே இருக்க வேண்டும், ஒரு கையையாவது கட்டாமல் விட வேண்டும். அவள் கேட்டது இவ்வளவுதான்.

சங்கத்தில் இருந்து மனு எழுதினார்கள். எங்கள் ஊழியர்கள் எல்லா நோயாளிகளிடமும் அன்போடு நடந்துகொள்கிறார்கள் என்று பதில் வந்தது. நான் சொன்னேன் பார் என்று எனக்குள் ஒரு சின்னத் திருப்தி கூட வந்தது, அதை அவளிடம் காட்டவில்லை. அவளோ அந்தப் பதிலை மடித்து வைத்துவிட்டு, காஜா எடுக்க, அதாவது பொத்தான் துளை தைக்க வேண்டிய சட்டைகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர் அறைக்கு எதிரே உள்ள பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டாள். வாரா வாரம் போனாள். தைத்துக்கொண்டே இருப்பாள், அவர் வெளியே வந்தால் எழுந்து நின்று வணக்கம் சொல்வாள், திரும்ப உட்கார்ந்து தைப்பாள். பிறகு அவளைப் போலவே அந்தப் பிரசவ அறையில் கஷ்டப்பட்ட வேறு சில பெண்களும் வந்தார்கள். தாழ்வாரம் முழுக்கக் கைகள் பேசிக்கொண்டிருக்கும், ஒரு சத்தம் இருக்காது, போகிற நர்ஸெல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். கடைசியில் அவர் கூப்பிட்டுப் பேச ஒத்துக்கொண்டார். கூட வந்து எடுத்துச்சொல்ல ஆள் வேண்டும் என்று அவள் என்னைக் கேட்டாள். நானும் அரைநாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். நம்பிக்கையால் போனேன் என்று நினைத்துக்கொள்ளாதே. நீ போனதில் இருந்து என் கைகளுக்கு வேலை இல்லை, அவளோடு பேசும்போதுதான் அவை கொஞ்சம் உயிரோடு இருந்தன, அதனால் போனேன்.

போகும் வழியிலேயே அவள் ஒரு கட்டளை போட்டாள். அவ சொல்றா, இவ சொல்றான்னு நீ பேசக் கூடாது, நான் நான்னு சொன்னா நீயும் நான்னுதான் சொல்லணும் என்றாள். சரி என்றேன். அங்கே கண்காணிப்பாளரும் தலைமை நர்ஸும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் கையை ஆட்ட ஆரம்பித்ததும் நான், எனக்கு இது ஏழாவது மாதம் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் நரைத்த தலையையும் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்து, உங்களுக்காம்மா என்றார். தலைமை நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டார். இதை நான் கன்னக்குழிக்குச் சொன்னதும் அவள் குழி விழச் சிரித்தாள், அறையே கொஞ்சம் இளகியது. ஆனால் அப்புறம் அந்த முதல் பிரசவத்தைச் சொன்னாள். என் கையைக் கட்டினார்கள், என் குழந்தை எங்கே என்று நான் யாரையும் கேட்க முடியவில்லை என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. அவள் சொன்னாள் என்று ஒரு வார்த்தை நடுவில் இருந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பேன். அது இல்லை. என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது, நடுவில் தண்ணீர் வாங்கிக் குடித்தேன்.

கண்காணிப்பாளர் கெட்டவர் இல்லை. அதான் நீங்க இருக்கீங்களேம்மா, பிரசவத்தன்னிக்கு நீங்களே உள்ள வந்துடுங்க, நான் அனுமதி போட்டுத் தர்றேன், விஷயம் முடிஞ்சுது என்றார். எனக்கு அது இனித்தது, இதைத்தான் உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது என்றேன். ஒருத்திக்கு நான் வேண்டும், அந்தக் கதவு எனக்காகத் திறக்கும், திரும்பி வந்து ஃபிரிட்ஜ் சத்தம் கேட்கிற நாட்களில் அதை நினைத்துக்கொள்ளலாம். கன்னக்குழி அவரைப் பார்த்துச் சொன்னது இதுதான்: உன் தயவு எனக்கு வேணாம், போன தடவையும் பாத்துக்கறோம்னுதான் சொன்னே, நான் நம்ப மாட்டேன், எனக்கு மட்டும் கதவைத் திறந்தா எனக்குப் பின்னாடி வர்றவ என்ன செய்வா, படிச்சுத் தேறின ஆளை வேலைக்குப் போடு. உங்கள் மொழியில் மரியாதை முகத்தில்தான் இருக்கும் இல்லையா, அவள் முகத்தில் அது மருந்துக்கும் இல்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா. மிக்க நன்றி என்கிறார், மற்றப் பெண்களுக்கும் இதுபோல ஏதாவது ஏற்பாடு இருந்தால் நன்றாக இருக்கும் என்கிறார் என்றேன். பொய் சொல்ல நினைக்கவில்லை. ஒரு பெரியவர் முன்னால் அப்படிப் பேச என் நாக்கு வளையவில்லை, தானாக வேறு பக்கம் திரும்பிவிட்டது. அவர் சந்தோஷமாகச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பை அவள் பார்த்துவிட்டாள். முகம் படிக்கிற ஆட்களை ஏமாற்ற முடியுமா. என் மணிக்கட்டைத் தட்டி, நான் திட்டினேன், அவர் சிரிக்கிறார், நடுவுல என்ன ஆச்சு என்று கேட்டாள். எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டேன். பிறகு அவரிடம், மன்னிக்க வேண்டும், நான் மாற்றிச் சொல்லிவிட்டேன் என்று ஒத்துக்கொண்டு, அவள் சொன்னதை அப்படியே சொன்னேன், தயவு வேண்டாம் என்பதில் இருந்து ஆரம்பித்து. உடனே அவள், இதையும் சொல்லு என்றாள். இவங்க நல்லவங்க, எனக்குப் பிடிச்சவங்க, ஆனா என் வார்த்தையைத் தேன் தடவிக் குடுக்கறாங்க, எனக்கு அறைக்குள்ள இவங்க வேணாம். அதையும் நானேதான் என் வாயால் சொன்னேன், எனக்கு இவங்க வேண்டாம் என்று. சொல்லிவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

தலைமை நர்ஸ்தான் முதலில் வாயைத் திறந்தார். சார், இந்தம்மா படிச்சவங்க, நல்ல எண்ணத்தோட வந்தவங்க, இவங்களே மாத்திச் சொல்றாங்கன்னா, நாளைக்கு ஒருத்தி இந்த மருந்து எனக்கு ஒத்துக்காதுன்னு சொல்றதை அக்கம்பக்கத்து ஆள் யாராவது மாத்திச் சொன்னா யார் சார் மாட்டுவா, நான்தான் மாட்டுவேன் என்றார். அதில்தான் காரியம் நகர்ந்தது. இரக்கத்தால் இல்லை, அந்த அம்மாவுக்குத் தன் தலை உருளுமே என்று பட்டதால். இதை நீ உன் சங்கத்துக் கூட்டத்தில் சொல்லலாம், நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம். அதன் பிறகும் சும்மா கிடைத்துவிடவில்லை. அவள் பெஞ்சும் காஜாவும் தொடர்ந்தன, மற்றப் பெண்களும் விடவில்லை, கோப்பு எந்த மேசையில் தூங்குகிறது என்று தலைமை நர்ஸே தாழ்வாரத்துக்கு வந்து காதில், தப்பு, கண்ணில் காட்டிவிட்டுப் போவார். ஒருவழியாகப் பிரசவ வார்டுக்குச் சைகைமொழியில் பயிற்சி பெற்ற ஒரு பெண்ணை நியமித்தார்கள். காது கேளாதவர்களுக்கு ஒரு கையை எப்போதும் விட்டுவைக்க வேண்டும் என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். ரொம்பக் குதிக்காதே, ஒரு ஆஸ்பத்திரியில் ஒரு வார்டு, காலை முறித்துக்கொண்டு பக்கத்துக் கட்டடத்துக்குப் போனால் அதே பழைய கதைதான். ஒரு பாட்டில் தண்ணீர்தான் இது. ஆனால் இந்தப் பாட்டிலில் தண்ணீர் சுத்தமாக இருந்தது, அதை எழுதித்தான் ஆக வேண்டும்.

பிரசவத்தன்று நான் வெளிப் பெஞ்சில் ஃபிளாஸ்கோடு உட்கார்ந்திருந்தேன். புதிதாக வந்த பெண் உன்னைவிடச் சின்னவள், சூயிங்கம் மென்றுகொண்டு, ஆன்ட்டி, கொஞ்சம் தள்ளி உக்காருங்க, ஸ்ட்ரெச்சர் வரும் என்று சொல்லிவிட்டு அந்தக் கதவுக்குள் போனாள். கதவில் வட்டமாக ஒரு கண்ணாடி இருக்கிறது. அதன் வழியாகத் திரைக்கு மேலே கன்னக்குழியின் ஒரு கை மட்டும் தெரிந்தது. என்ன பேசுகிறாள் என்று அந்தத் தூரத்தில் எனக்குப் பிடிபடவில்லை, ஆனால் கை பேசிக்கொண்டே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன், ஸ்ட்ரெச்சர் வந்தபோது நகர்ந்துகொண்டேன். பெண் குழந்தை, தாயும் சேயும் நலம். குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று அதற்குள் நான்கு பேர் கேட்டுவிட்டார்கள், அவள் யாருக்கும் பதில் சொல்லவில்லை. அன்றைக்குப் பெஞ்சில் இருந்தபோது, வேலைக்காக ஊரைவிட்டுக் கிளம்பும் முன் பேங்க் கவுண்டரில், எனக்குப் பதிலாக நீ பேசாதே என்று நீ என்னிடம் கோபித்துக்கொண்டது நினைவுக்கு வந்தது. நீ சொன்னது சரிதான் என்று எழுதினால் உனக்குத் தலைக்கனம் ஏறும், அதனால் எழுதவில்லை.

பகலில் கன்னக்குழி தையலில் இருக்கும்போது பிள்ளை அழுதால் தெரியாது. அதனால் எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு உன் விளக்கைக் கழற்றிக் கொடுத்துவிட்டேன். அழுகைச் சத்தம் பட்டால் மின்னுகிற மாதிரி ஏதோ சேர்த்து அவர்கள் வீட்டில் மாட்டியிருக்கிறார். நம் கூடத்துச் சுவரில் அந்த இடம் மட்டும் வட்டமாக வெளுப்பாக இருக்கிறது. அங்கே வேற ஒண்ணு மாட்டிடலாமாம்மா என்று கேட்டார், அவன் வரட்டும் என்று சொல்லியிருக்கிறேன். சைக்கிளில் பின்னால் வருவதைப் பார்க்கிற கண்ணாடி உடைந்ததே, அதை மாற்றினாயா, நாளைக்கு என்று தள்ளாதே. உன் மேலாளரிடம் எல்லாவற்றுக்கும் சண்டை போடாதே, தேவையானதற்கு மட்டும் போடு. எப்போது வருகிறாய் என்று எழுது. இனி நீ இங்கே இருக்கும்போது வாசலில் யார் மணி அடித்தாலும் உனக்குத் தெரியாது, நான்தான் எழுந்து வந்து உன் தோளைத் தட்டிச் சொல்ல வேண்டும். அந்த ஒன்றை மட்டும் உனக்காக நான் சொல்ல விடு.

உடம்பும் மனசும் நன்றாக இருந்து, நினைத்ததெல்லாம் உனக்குக் கைகூடட்டும். சைக்கிள் கண்ணாடியை மறக்காதே.

இப்படிக்கு,
மூக்குக்கண்ணாடியைத் தள்ளிக்கொண்டே இருக்கிற
உன் அம்மா